ஹாங்காங்குக்காக வெளிநாட்டு வர்த்தகத் தகவல் திரட்டும் வேலை

ஹாங்காங்கின் வெளிநாட்டுப் பொருளாதார வர்த்தக அலுவலகம் என்றால் கண்காட்சியும் விருந்தும்தான் வெளியே தெரியும். உள்ளே பெரும்பகுதி வாசிப்பு. ஹாங்காங்கின் அரசமைப்பு போன்ற அடிப்படைச் சட்டத்தின் 116-ஆம் பிரிவுப்படி ஹாங்காங் தனிச் சுங்கப் பிரதேசம்; சுங்க விஷயத்தில் சீனாவிலிருந்து வேறு. ஆகவே 'சீனப் பொருளுக்கு வரி' என்று செய்தி வந்தால், அது ஹாங்காங்கையும் தொடுகிறதா என்பதைத் தனியே பார்த்தாக வேண்டும்.

அரசுக்கும் வியாபாரிகளுக்கும் போகும் குறிப்பைச் செய்தித்தாளை வைத்து எழுதக் கூடாது. மூல அறிவிப்பைப் பார்க்க வேண்டும்: அமெரிக்கா என்றால் அந்நாட்டு அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டர், ஐரோப்பா என்றால் ஒன்றியத்தின் அதிகாரபூர்வ இதழ். முதலில் தேட வேண்டியவை: ஹெச்.எஸ். குறியீடு (சுங்கத்துக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்), பொருள் எங்கே தயாரானதாகக் கணக்கு, அமலாகும் தேதி, ஏற்கெனவே கப்பலேறிய சரக்குக்கு விலக்கு உண்டா என்பது. குறியீட்டில் முதல் 6 இலக்கம்தான் எல்லா நாட்டுக்கும் பொது. அமெரிக்கா 10 இலக்கம் வரை போகும். 6-உடன் நிறுத்தினால் பாதிப்பில்லாத வியாபாரியையும் பயமுறுத்திவிடுவோம்.

2020 ஆகஸ்ட் 11 அறிவிப்பு நல்ல பாடம். ஹாங்காங்கில் தயாரான பொருளில் இனி 'சீனா' என்றே குறிக்க வேண்டும் என்றது அமெரிக்கச் சுங்கம். உடனே 'சீனாமீதான கூடுதல் வரியும் விழும்' என்று பேச்சு. ஆனால் மாறியது பொருள்மேல் போடும் நாட்டுப் பெயர் முத்திரை மட்டும். வரிக்கான கணக்கு அப்போது மாறவில்லை. செப்டம்பர் 25 என்றிருந்த கெடுவும் நவம்பர் 9-க்குத் தள்ளிப்போனது. அதனால் குறிப்பை அனுப்பியபின்னும் அந்தக் கோப்பை மூடுவதில்லை. இந்த முத்திரை விதியை எதிர்த்து ஹாங்காங் தொடுத்த வழக்கில், 2022 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பின் தீர்ப்பாயம் ஹாங்காங் பக்கம் சொன்னது. அடுத்த மாதமே அமெரிக்கா மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு அமைப்போ 2019 டிசம்பர் முதல் முடங்கிக் கிடக்கிறது; ஆகவே தீர்ப்பு அமலாகாமல் நிற்கிறது. 'வென்றோம்' என்று மட்டும் எழுதினால், முத்திரையை மாற்றலாம் என்று ஏற்றுமதியாளர் நினைத்துக்கொள்வார்.

அரசியல் தகவலில், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் மசோதா தாக்கலானது பெரிய சேதியே அல்ல. குழுவில் விவாதத்துக்கு வந்ததா, இரு கட்சியினரும் கையெழுத்திட்டார்களா, ஆண்டுதோறும் நிறைவேறும் ராணுவச் செலவு அனுமதிச் சட்டத்தோடு ஒட்டப் பார்க்கிறார்களா என்பதே கவனிக்க வேண்டியது. அமெரிக்காவில் உள்ள இந்த ஹாங்காங் அலுவலகங்களையே மூட வழிசெய்யும் மசோதா 2024 செப்டம்பரில் பிரதிநிதிகள் சபையைத் தாண்டியது. அந்தக் காங்கிரஸின் பதவிக்காலம் முடிந்ததும் காலாவதியானது. புதிய காங்கிரஸ் கூடினால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

பொருளின் தரம், பாதுகாப்பு பற்றி மற்ற நாடுகள் கொண்டுவரும் தொழில்நுட்ப விதி வரைவுகளுக்குக் கருத்துச் சொல்ல வழக்கமாக 60 நாள் தருவார்கள். வணிகச் சங்கங்களுக்குச் சுற்றறிக்கை முதல் வாரமே போய்விட வேண்டும். ஆய்வகச் சோதனை முடிவோடு வரும் ஆட்சேபத்துக்குத்தான் மதிப்பு. சோதனைக்கே பல வாரம் பிடிக்கும்.