ஸ்கூலுக்கு சாஃப்ட்வேர் விக்கறதா இருந்தா வருஷ சந்தாவா வில்லுங்க

பெங்களூர்ல ரெண்டு மூணு வருஷம் கோடு எழுதிட்டு ஊருக்கே திரும்பி வந்து சொந்தமா ஏதாவது பண்ணலாம்னு இருக்கற பசங்க அடிக்கடி கேக்கறது இதுதான், ஸ்கூலுக்கு சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்து பொழைக்க முடியுமாண்ணா, அவங்க காசே குடுக்க மாட்டாங்களாமே அப்படின்னு. நாமக்கல், ஈரோடு, சேலம் பக்கம் மெட்ரிக் ஸ்கூலுக்கும் நர்சரி பிரைமரிக்கும் இதையே தொழிலா பண்றவன்ங்கறதால சொல்றேன், நல்லாவே முடியும், ஆனா கிளவுட்ல, அதாவது இன்டர்நெட் வழியா ஓடற சர்வர்ல வெச்சு வருஷ சந்தாவா விக்கணும். மொத்தமா ஒரே தடவை வித்துட்டு வந்தீங்கன்னா நீங்க கேள்விப்பட்டதுதான் நடக்கும்.

பழைய கதை தெரிஞ்சவங்களுக்கு இது புரியும். விபி 6ங்கற பழைய புரோகிராம் மொழில எழுதின ஒரு ஃபீஸ் சாஃப்ட்வேர், பின்னாடி ஆக்சஸ் டேட்டாபேஸ், ஆஃபீஸ் ரூம்ல இருக்கற ஒரே கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்துட்டு ஒரு தொகைய வாங்கிக்குவாங்க, அடுத்த வருஷத்துல இருந்து ஏஎம்சின்னு, அதாவது வருஷப் பராமரிப்புக்குன்னு கொஞ்சம் கேப்பாங்க. அந்த ஏஎம்சிய எந்த ஸ்கூலும் ஒழுங்கா கட்டாது, சாஃப்ட்வேர்தான் ஓடிட்டிருக்கே எதுக்குக் கட்டணும்னு இருப்பாங்க. ஓடாதப்ப போன் வரும், அதுவும் கரெக்டா அட்மிஷன் நேரத்துல, ஹார்ட் டிஸ்க் போயிருச்சு உடனே வாங்கன்னு. பேக்கப் எங்கன்னா பென்டிரைவ்ல இருக்கும்பாங்க, பென்டிரைவ் யாருகிட்டன்னா போன வருஷம் கல்யாணமாகி வேலைய விட்டுட்டுப் போன பொண்ணுகிட்ட. இதுல ஒவ்வொரு ஸ்கூல்லயும் ஒவ்வொரு வெர்ஷன் வேற ஓடிட்டிருக்கும், ஒரு சின்ன பக் சரி பண்ணணும்னாலும் பைக்க எடுத்துட்டு ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் அலையணும், பெட்ரோல் காசுகூட தேறாது.

கிளவுட்ல அந்த அலைச்சல் இல்ல. எல்லா ஸ்கூலுக்கும் ஒரே கோடு, ராத்திரி சரி பண்ணினா காலைல பெல் அடிக்கறதுக்குள்ள எல்லாருக்கும் சரியாயிருக்கும். சர்வரும் இப்ப இந்தியாவுக்குள்ளயே கெடைக்குது, அமேசான் மும்பைல 2016லயே ஆரம்பிச்சுட்டாங்க, ஹைதராபாத்ல 2022ல. பேக்கப் தானா ஓடுது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான், எந்தத் தொழிலுக்கு சாஃப்ட்வேர் வித்தாலும் இருக்கற லாபம்தான். ஸ்கூலுக்குன்னு தனியா என்ன இருக்குங்கறதுதான் நான் சொல்ல வந்தது.

முதல் விஷயம் ஸ்கூலோட காலண்டர். ஒரு ஜவுளிக்கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ வித்தா அவங்க எப்ப வேணா வருவாங்க எப்ப வேணா போவாங்க, மாசாமாசம் எவன் நிக்கறான் எவன் ஓடிட்டான்னு பாத்துட்டே உக்காந்திருக்கணும். ஸ்கூல் அப்படி இல்ல, ஜூன்ல ஒரு சாஃப்ட்வேர்ல ஃபீஸ் பில் போட ஆரம்பிச்சுட்டாங்கன்னா அடுத்த ஏப்ரல் வரைக்கும் யாரும் அசையமாட்டாங்க. பாதி வருஷத்துல மாத்தணும்னா எந்தப் பையன் எவ்வளவு கட்டினான் எவ்வளவு பாக்கின்னு மொத்தமா தூக்கி வேற எடத்துல ஏத்தணும், அந்தத் தலைவலிக்கு எந்த ஆஃபீஸ் ஸ்டாஃபும் தயாரா இருக்கமாட்டாங்க. ஸ்கூல் கையில காசு பொழங்கற நேரமும் மொத டேர்ம் ஃபீஸ் வர்ற அந்த ஜூன் மாசம்தான், அப்ப வருஷ சந்தாவ முழுசா அட்வான்ஸா கேட்டா குடுத்துடுவாங்க, அதே தொகைய பிப்ரவரில கேட்டுப் பாருங்க, கரஸ்பாண்டன்ட் ஊர்லயே இல்லைம்பாங்க. அதனால வருஷம் முழுக்க செய்யப்போற வேலைக்கு வருஷ ஆரம்பத்துலயே பணம் வந்துடுது, பேங்க்ல கடன் வாங்காம ரெண்டு பசங்கள வேலைக்கு வெச்சு சம்பளம் போடலாம். ஒண்ணு மட்டும், அந்தப் பணத்துல பன்னண்டு மாச சர்வர் செலவும் சம்பளமும் உள்ள இருக்குங்கறத மறந்துட்டு ஜூலைலயே காருக்கு முன்பணம் கட்டிடக்கூடாது.

வெலைய புள்ளைக் கணக்குல வெக்கணும், ஒரு புள்ளைக்கு வருஷத்துக்கு இவ்வளவுன்னு. ஸ்கூல்காரங்களுக்கு இந்தக் கணக்கு தண்ணிபட்ட பாடு, டைரி, ஐடி கார்டு, யூனிஃபார்ம் எல்லாமே அவங்களுக்கு தலைக்கு இவ்வளவுதான். சும்மா கணக்குக்கு, 800 புள்ளைங்க இருக்கற ஸ்கூல்ல தலைக்கு 100 ரூபான்னா 80,000 ரூபா வருது. அடுத்த வருஷம் 900 ஆனா நாம வெலைய ஏத்தாமலே 90,000. எல்கேஜில ரெண்டு செக்‌ஷன் கூட்டினாங்கன்னா அவங்க வளர்ச்சி நம்ம வளர்ச்சி. அட்மிஷன் கொறஞ்சா நமக்கும் கொறையும், அதுவும் நியாயம்தான்.

கரஸ்பாண்டன்ட் கிட்ட பேசப்போனா மொத கேள்வியே, ஏந்தம்பி, ஒருதடவ காசு குடுத்தா முடிஞ்சுதல்ல, எதுக்கு வருஷா வருஷம் குடுக்கோணும், உங்களுக்கு என்ன வாடகையான்னுதான் வரும். அப்ப கிளவுடு, டெக்னாலஜின்னு ஆரம்பிச்சா அவரு போன எடுத்துப் பாக்க ஆரம்பிச்சுடுவாரு. நான் சொல்றது ஒண்ணுதாங்க, சார், ஒரே தடவையா காசு வாங்கிட்டேன்னா அடுத்த வருஷம் நீங்க கூப்பிட்டா நான் வரணும்னு எனக்கு என்ன அவசியம், வருஷா வருஷம் நீங்க குடுத்தாத்தான் எனக்கு பொழப்புன்னா உங்க போன நான் எடுக்காம இருக்க முடியுமா. மனுசன் சிரிச்சுடுவாரு. ஏன்னா பழைய சாஃப்ட்வேர்காரன் போன எடுக்காத கதை ஒவ்வொரு ஸ்கூல்லயும் ஒண்ணு இருக்கு.

ஆனா கரஸ்பாண்டன்ட் கையெழுத்து மொத வருஷத்துக்குத்தான் ஆகும். ரெண்டாவது வருஷம் புதுப்பிக்கறாங்களா இல்லையாங்கறது ஃபீஸ் கவுண்டர்ல உக்காந்திருக்கற மேடம் கையில இருக்கு, இது நெறைய பேருக்குப் புரியறதில்ல. ஜூன் மொத வாரம் ஒரு ஸ்கூல் கவுண்டர் பக்கத்துல ஒரு மணி நேரம் நின்னு பாருங்க. வெளிய முப்பது நாப்பது பேரு வரிசைல, ஒருத்தரு அஞ்சாயிரத்தக் குடுத்துட்டு ஏனுங்க இதுல பெரியவனுக்கு பஸ் ஃபீஸ் ஆயிரத்தப் போட்டுட்டு மீதிய சின்னவளுக்கு டேர்ம் ஃபீஸ்ல வரவு வெச்சுக்குங்க, பாக்கிய ஆடி முடிஞ்சு கட்டறேன்னுவாரு, பின்னாடி இருக்கறவரு பிரின்சிபால் சலுகை சொன்னாங்களே அதக் கழிக்கலையான்னு ஒரு துண்டுச்சீட்ட நீட்டுவாரு, அதுக்கு நடுவுல பியூன் வந்து சில்லற கேப்பாரு. அந்த மேடம் கண்ணு ஸ்கிரீன்ல இருக்காது, கை மட்டும் நம்பர் பேடுல ஓடிட்டிருக்கும், அட்மிஷன் நம்பர், என்டர், தொகை, என்டர், பிரின்ட். அவங்க பழைய விபி சாஃப்ட்வேர்ல அப்படித்தான் பழகியிருக்காங்க. நம்ம சாஃப்ட்வேர் எவ்வளவு அழகா இருந்தாலும் மவுஸத் தேடி நாலு எடத்துல கிளிக் பண்ணினாத்தான் பில் வரும்னா ரெண்டே நாள்ல அவங்க பழைய பில் புக்க வெளிய எடுத்துடுவாங்க, கேட்டா நெட்டு வரலன்னு சொல்லிடுவாங்க. மவுஸத் தொடாம பில் போட முடியணும், ஒரே ரசீதுல ரெண்டு புள்ளைங்களுக்கும் பிரிச்சு வரவு வெக்க முடியணும், நெட் நின்னாலும் பில் போட்டுட்டு வந்ததும் தானா ஏறிக்கணும், ரசீது அந்தப் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர்லயே கோணாம வரணும். இது நாலும் சரியா இருந்தா அந்த மேடமே நமக்கு சேல்ஸ்மேன், பக்கத்து ஊரு ஸ்கூல்ல வேலை பாக்கற அவங்க தங்கச்சிகிட்ட சொல்லி அங்கயும் கூட்டிட்டுப் போயிடுவாங்க.

உள்ளூர்க்காரனுக்கு இதுல ஒரு பெரிய பலம் இருக்கு. வடக்க இருந்து வர்ற பெரிய கம்பெனி சாஃப்ட்வேர் பலதுல ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்னு ரெண்டு கட்டம் இருக்கும், ரெண்டையும் நெரப்பாம அடுத்த பக்கம் போகாது. நம்ம புள்ளைங்களுக்கு ஏதுங்க லாஸ்ட் நேம், இனிஷியல்தான். இனிஷியல லாஸ்ட் நேம்ல போட்டு, அது சில எடத்துல முன்னாடி சில எடத்துல பின்னாடி அச்சாகி, பத்தாவது மார்க்‌ஷீட்டுக்கு பேரு அனுப்பற நேரத்துல கிளாஸ் டீச்சர் தலையில கை வெச்சு உக்காந்திருப்பாங்க. தமிழ்ல ஒரு பேரு, இங்கிலீஷ்ல ஒரு பேரு, இனிஷியலுக்குத் தனிக் கட்டம், இவ்வளவுதான் மேட்டர், ஆனா இதுக்காகவே சாஃப்ட்வேர் மாத்தின ஸ்கூல் உண்டு. ஸ்டேட் கவர்மென்டோட எமிஸ், சென்ட்ரல் கவர்மென்டோட யூடைஸ்னு ரெண்டு ஸ்கூல் விவர சைட்லயும் ஒரே விவரத்த திரும்பத் திரும்ப டைப் அடிக்கறதுதான் ஸ்டாஃபுக்கு இன்னொரு கொடுமை, டிசியே இப்ப எமிஸ் வழியாத்தான் வருது, போதாக்குறைக்கு ஒவ்வொரு புள்ளைக்கும் தர்ற 12 இலக்க அபார் அடையாள நம்பர் வேற. கவர்மென்ட் சைட்ல என்ன வரிசைல கேக்கறாங்களோ அதே வரிசைல விவரத்த எடுத்துக் குடுத்தா போதும், அவங்க அங்க புதுசா ஒரு கட்டம் சேத்தா அடுத்த வாரம் நாமளும் சேத்துடறோம். இங்கதான் சந்தா முறை கரெக்டா பொருந்துது, சட்டதிட்டம் மாறிட்டே இருக்கற எடத்துல வித்துட்டுப் போன சாஃப்ட்வேர் ஒரு வருஷத்துல பழசாயிடும்.

செலவுப் பக்கமும் சொல்லிடறேன். மொத அடி ஜிஎஸ்டி. சாஃப்ட்வேருக்கு 18 சதவீதம், அந்த 80,000க்கு மேல 14,400. கடைக்காரரா இருந்தா அத இன்புட் கிரெடிட்டா, அதாவது அவரு கட்டவேண்டிய ஜிஎஸ்டில கழிச்சு எடுத்துக்குவாரு, ஆனா ஸ்கூல் ஃபீஸுக்கு ஜிஎஸ்டி கெடையாதுங்கறதால ஸ்கூலுக்கு அந்த வழி இல்ல, 94,400 மொத்தமும் அவங்க கைக்காசு. அதனால வரி சேத்தே வெலையச் சொல்லிடுங்க, கடைசில சொன்னா பேச்சு மொதல்ல இருந்து ஆரம்பிக்கும். அடுத்தது எஸ்எம்எஸ். மொத்தமா எஸ்எம்எஸ் அனுப்பறவங்க பதிவு பண்ண வேண்டிய டிஎல்டில ஸ்கூல் பேர்ல பதிவு பண்ணி, அனுப்பறவர் பேரா வர்ற ஆறெழுத்து ஹெடர் வாங்கி, அனுப்பற ஒவ்வொரு வாசகத்துக்கும் டெம்ப்ளேட் அனுமதி வாங்கணும், மழைக்கு லீவுன்னு அவசரமா அனுப்பும்போது பிரின்சிபால் பாசமா ரெண்டு வார்த்தை சேத்தாருன்னா மெசேஜ் போகவே போகாது. எஸ்எம்எஸ், வாட்ஸப் செலவ சந்தாக்குள்ள சேக்காதீங்க, தனியா ரீசார்ஜ் மாதிரி வெச்சுடுங்க.

இன்னொண்ணு, வெளிய யாரும் பேசமாட்டாங்க. கரஸ்பாண்டன்ட்ல சிலபேருக்கு கிளவுடுன்னா பயம், ஆனா பயம் ஹேக்கர் மேல இல்ல. தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி தனியார் ஸ்கூல் ஃபீஸ கமிட்டிதான் நிர்ணயிக்குது, அதுக்கு மேல வாங்கறவங்களுக்கு கணக்கு இன்னொருத்தன் சர்வர்ல இருக்கறது எப்படிப் பிடிக்கும். கணக்குல வராத ரெண்டாவது பில்லுக்கு ஒரு பட்டன் வெச்சுக் குடுங்கன்னு கேப்பாங்க. எனக்கு அந்த வியாபாரம் வேண்டாம்னு எந்திரிச்சு வந்துடுவேன், அப்படிப்பட்ட ஸ்கூல் காசையும் இழுத்தடிச்சுத்தான் குடுக்கும். நேர்மாறா ரெண்டு மூணு பிராஞ்ச் வெச்சிருக்கறவரு கிளவுட விரும்பிக் கேப்பாரு, சாயங்காலம் நாலு மணிக்கு எந்த பிராஞ்ச்ல எவ்வளவு வசூல்னு போன்ல பாக்கறது அவருக்கு அவ்வளவு சந்தோஷம், அந்த ஒரு ஸ்கிரீனுக்கே காசு குடுப்பாரு.

புள்ளைங்க விவரம் நம்மகிட்ட இருக்குங்கறது மட்டும் வெளையாட்டு இல்ல. அமெரிக்காவுல பவர்ஸ்கூல்னு ஒரு ஸ்கூல் சாஃப்ட்வேர், 1997ல ஆரம்பிச்சது, 2001ல ஆப்பிள் வாங்கி, 2006ல பியர்சனுக்கு வித்து, கைமாறிக் கைமாறி 2024ல பெயின் கேப்பிட்டல்ங்கற முதலீட்டு கம்பெனி 560 கோடி டாலருக்கு எடுத்துச்சு. வருஷா வருஷம் புதுப்பிக்கற ஸ்கூல்களோட மதிப்பு அவ்வளவு. அதே 2024 டிசம்பர்ல, திருட்டுப்போன ஒரு லாகின வெச்சு ஹேக்கருங்க பவர்ஸ்கூலோட சப்போர்ட் போர்ட்டல் வழியா உள்ள பூந்து புள்ளைங்க விவரத்த அள்ளிட்டுப் போயிட்டாங்க, டொரான்டோ ஸ்கூல் போர்டுல 1985ல படிச்சவங்க விவரம் வரைக்கும் போச்சு. பணயப் பணம் குடுத்தும் பிரயோஜனமில்ல, 2025 மே மாசம் ஸ்கூல்களுக்கே திரும்ப மெரட்டல் வந்துச்சு. நம்ம ஊர்லயும் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்க விவரத்துக்கு பொதுவா பெத்தவங்க சம்மதம் வேணும்னு இருக்கு, பாதுகாப்புல கோட்டை விட்டா அபராதம் 250 கோடி வரைக்கும் போகலாம். நாம கையில வெச்சிருக்கறது ரெண்டு பசங்க, ஒரு வாடகை ரூம். அதனால ஆதார் நம்பர் தேவையில்லாத எடத்துல கேக்கறதே இல்ல, படிச்சு முடிச்சுப் போன புள்ளைங்க விவரத்த ஸ்கூல்கிட்ட ஒப்படைச்சுட்டு நம்ம சர்வர்ல அழிச்சுடறது, சப்போர்ட் லாகினுக்கு ஓடிபி இல்லாம யாரும் உள்ள போகக்கூடாது. என் பசங்க இதுக்கு என்னத் திட்டுவாங்க, திட்டட்டும்.

ஆரம்பிக்கறவங்க 500ல இருந்து 1,500 புள்ளைங்க வரைக்கும் இருக்கற ஸ்கூலா பாத்துப் போங்க, அதுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு நோட்டே போதும், மேல இருக்கறவங்க ஏற்கனவே யார்கிட்டயாவது மாட்டியிருப்பாங்க. தீபாவளி முடிஞ்சதும் அலைய ஆரம்பிச்சு பொங்கலுக்குள்ள டெமோவ முடிச்சுடுங்க, மார்ச்ல பப்ளிக் எக்ஸாம்ல யாரும் மொகம் குடுத்துப் பேசமாட்டாங்க, ஏப்ரல் மே ரெண்டு மாசம் டேட்டா ஏத்தறதுக்கே சரியா இருக்கும். டெமோவுக்கு போலி பேரு போட்ட ஸ்கிரீனக் காட்டாதீங்க, முந்தின நாளே அவங்க ஃபீஸ் பாக்கி லிஸ்ட வாங்கி ஏத்திட்டுப் போங்க, பிரின்டர் கேபிள் ஒண்ணும் கையோட எடுத்துக்குங்க, பாதி ஸ்கூல்ல அது இருக்காது.