கடையில் 100, என் கையில் 176: ஒரு மின்கிட்டாரின் செலவுக் கணக்கு

நேற்று இரவு முதன்முறையாக ஆறு தந்திகளையும் சுருதி கூட்டி, பெருக்கியில் இணைத்து வாசித்தேன். ஐந்து மாத வார இறுதிகள், ஏறத்தாழ 130 மணி நேர வேலை. இன்று காலை செலவுக் குறிப்பேட்டையும் கூட்டி முடித்துவிட்டேன். கிட்டார் நன்றாகப் பாடுகிறது. பணம் மிச்சமாகவில்லை. தொடங்குவதற்கு முன் இப்படி ஒரு கணக்கு என் கண்ணில் பட்டிருந்தால் இரண்டு மூன்று முடிவுகளை மாற்றி எடுத்திருப்பேன். அதனால்தான் ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன்.

விலைகள் இடத்துக்கு இடம் மாறும். எனவே, நான் கட்ட நினைத்த கிட்டாருக்கு இணையாகக் கடையில் விற்கும் ஒன்றின் விலையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். இணை என்றால் மிகவும் மலிவான கிட்டார் அல்ல. அதே தரத்துப் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருள்), அதே வகை பிரிட்ஜ் (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பாகம்), அதே தரத்துச் சுருதித் திருகுகள் உள்ள கிட்டார். ஆரம்பநிலைக் கிட்டாரின் விலையோடு ஒப்பிட்டால் வீட்டில் கட்டுவது ஒருநாளும் வெல்லாது. கைவினைஞர் ஒருவர் தனியாகச் செய்து தரும் கிட்டாரோடு ஒப்பிட்டால் எப்போதும் வென்றுவிடும். இரண்டுமே நேர்மையான ஒப்பீடு அல்ல.

முதலில் பாகங்கள். உடலுக்கான மகோகனி மரம் 9. இரண்டு பலகைகளை விளிம்போடு விளிம்பாக ஒட்டி 45 மில்லிமீட்டர் தடிமனுக்கு இழைத்தேன். ஆயத்தமாக வாங்கிய கழுத்து, அதாவது விரல்கள் தந்தியை அழுத்தும் நீண்ட பகுதி, 34. பிக்கப்புகள் 24. சுருதித் திருகுகள் 11, பிரிட்ஜ் 10. பொட்டென்ஷியோமீட்டர் (ஒலியளவையும் தொனியையும் மாற்றும் குமிழின் மின்பாகம்), சுவிட்ச், ஜாக், கம்பி எல்லாம் சேர்ந்து 7. வண்ணமும் மேற்பூச்சும் 12. பிக்கார்டு (உடலில் கீறல் விழாமல் காக்கும் தகடு), திருகாணிகள், தந்திகள் 8. ஆக மொத்தம் 115. ஒரு கருவிகூட வாங்காமல், ஒரு பிழைகூடச் செய்யாமல் இருந்திருந்தாலும் கடை விலையைத் தாண்டிவிட்டேன்.

இதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. தொழிற்சாலை பிக்கப்புகளை ஆயிரக்கணக்கில் வாங்குகிறது அல்லது தானே சுற்றிக்கொள்கிறது. நான் ஒன்றொன்றாகச் சில்லறை விலைக்கு வாங்குகிறேன். அங்கே கணினி இயக்கும் இயந்திரம் உடலைச் சில நிமிடங்களில் கடைந்து தள்ளுகிறது. எனக்கு அதற்கு இரண்டு வார இறுதிகள் ஆயின. என்னை வியக்க வைத்தது மரத்தின் பங்குதான். கிட்டார் கட்டப்போகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "என்ன மரம்?" என் கணக்கில் மரம் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. பட்ஜெட் போடுபவர் கழுத்திலிருந்து தொடங்க வேண்டும். கழுத்தை வாங்குவதா, செய்வதா என்ற ஒரே முடிவு மற்ற எல்லாவற்றையும் விட மொத்தச் செலவை அதிகமாக அசைக்கிறது.

கழுத்தைத் தனியாக வாங்க முடிகிறது என்பதே ஒரு பெரிய வசதி. 1950-இல் லியோ ஃபெண்டர் சந்தைக்குக் கொண்டுவந்த கிட்டாரில் கழுத்தை உடலோடு ஒட்டாமல் நான்கு திருகுகளால் பிணைத்தார். தயாரிப்பை எளிதாக்கவும், பழுதானால் கழுத்தை மட்டும் மாற்றவும் செய்த ஏற்பாடு அது. இன்று வீட்டு மேசையில் கிட்டார் கட்டும் ஒவ்வொருவரும் அந்த நான்கு திருகுகளின் பயனை அனுபவிக்கிறோம்.

இனி என் பிழை. கழுத்து வந்து அமரும் பள்ளம் 16 மில்லிமீட்டர் ஆழம். பக்கங்களில் கழுத்தை இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். பள்ளத்தை வெட்டுவது ரவுட்டர், அதாவது சுழலும் அலகால் மரத்தைக் குடையும் மின்கருவி. அலகில் உள்ள பேரிங், மரத்தின் மேல் வைத்த வார்ப்பட்டையின் (பள்ளத்தின் வடிவில் வெட்டிய மாதிரிப் பலகை) விளிம்பை ஒட்டி உருளும் வரை வெட்டு வழி மாறாது. ஆனால் முதல் சுற்றில் ஆழத்தைக் குறைவாக வைத்ததால் பேரிங், பட்டைக்கு மேலே காற்றில் சுழன்றுகொண்டிருந்தது. நான் கவனிக்கவில்லை. அலகு வார்ப்பட்டையையே தின்றுகொண்டு உள்ளே போனது. பள்ளத்தின் ஒரு பக்கம் 2 மில்லிமீட்டர் அகன்றுவிட்டது. மரச்சில்லு வைத்து அடைக்கலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். அடைத்தாலும் அந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனம் உறுத்தும் என்று தோன்றியதால் அந்த உடலைக் கைவிட்டு, புதிய பலகை வாங்கினேன். செலவு இன்னொரு 9.

இரண்டாவது உடலில் ஒவ்வொரு சுற்றுக்கும் 3 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கவில்லை. நீளமான அலகு வேண்டாம் என்பதற்காக முதலில் துளையிடும் கருவியால் பெரும்பகுதி மரத்தை எடுத்துவிட்டு, ஓரங்களை மட்டும் ரவுட்டரிடம் விட்டேன். நேரம் கூடியது. பள்ளம் கச்சிதமாக வந்தது: திருகு போடாமலே கழுத்தைப் பிடித்து உடலைத் தூக்க முடிந்தது.

பிரிட்ஜின் இடத்தைக் குறித்தது இந்த வேலையிலேயே மிகவும் நிதானமான மாலை. தந்தியின் நீளம் 648 மில்லிமீட்டர். ஃபிரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி; 12-வது ஃபிரெட் அதில் சரிபாதி, அதாவது 324. எனவே 12-வது ஃபிரெட்டிலிருந்து மறுபக்கம் இன்னொரு 324 அளந்தால் தந்தி படியும் சேடிலின் இடம் கிடைக்கும். அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதி சற்றே ஏறுவதால், தடித்த தந்திகளுக்கு இன்னும் 2, 3 மில்லிமீட்டர் பின்னால் போக இடம் விட வேண்டும். நடுக்கோட்டுக்கு அளவுகோலை நம்பவில்லை. முதல் தந்தியும் ஆறாம் தந்தியும் போகும் வழியில் இரண்டு தையல் நூல்களை இழுத்துக் கட்டி, இரு விளிம்புகளிலும் நூலுக்கும் ஃபிரெட் முனைக்கும் இடையில் ஒரே அளவு இடைவெளி இருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தேன். பிரிட்ஜை ஒரு மில்லிமீட்டர் இடப்பக்கம் நகர்த்த வேண்டியிருந்தது. துளை போட்ட பிறகு தெரிந்திருந்தால் மூன்றாவது உடலைத் தேடிப் போயிருப்பேன்.

மேற்பூச்சில் 6 வீணானது. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரை ஈரப்பதம் மிகுந்த ஒரு நாளில் அடித்துவிட்டேன். பூச்சுக்கு அடியில் ஈரம் சிக்கி, மேலே வெண்படலம் படர்ந்தது. தேய்த்து எடுத்து மறுபடியும் அடித்தேன். பிறகு ஒரு மாதம் காயவிட்டேன். இந்த வேலைக்கு வாயுவை வடிகட்டும் முகக்கவசம் இல்லாமல் இறங்கக் கூடாது. தூசிக் கவசம் போதாது.

மின்வேலை ஒரே மாலையில் முடிந்தது. ஒற்றைச் சுருள் பிக்கப் என்பதால் 250 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர்கள். இணைத்ததும் இரைச்சல். தந்தியைத் தொட்டபோது மாற்றமில்லை, ஜாக்கின் உலோகத்தைத் தொட்டபோது குறைந்தது. அப்படியானால் தந்திகள் தரைக்கம்பியோடு இணையவில்லை. பிரிட்ஜுக்கு அடியில் போக வேண்டிய கம்பி, துளையிலிருந்து நழுவி உள்ளேயே கிடந்தது.

அடுத்துக் கருவிகள். ரவுட்டர் நண்பரிடம் இரவல். அப்படியும் அலகுகளுக்கு 10, இறுக்கிகளுக்கு 11, பற்றவைக்கும் இரும்புக்கும் மீட்டருக்கும் 8, ஃபிரெட் வேலைக்கான அரங்களுக்கும் சமன்கட்டைக்கும் 17. மொத்தம் 46. கடைசியாகச் சொன்ன 17 பலருடைய பட்டியலில் இருப்பதில்லை. ஆயத்தக் கழுத்துதானே, மாட்டினால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். தந்தி போட்டதும் மூன்றாம் தந்தி 13-வது ஃபிரெட்டில் கரகரத்தது.

கழுத்தை நேராக நிறுத்தி, எல்லா ஃபிரெட்டுகளின் உச்சியிலும் கறுப்பு மையைப் பூசினேன். வளையாத சமன்கட்டையில் 400 எண் உப்புத்தாளை ஒட்டி, எடை கொடுக்காமல் நீளவாக்கில் நான்கைந்து முறை இழுத்தேன். உயர்ந்த ஃபிரெட்டுகளில் மை போய் உலோகம் பளிச்சிட்டது. 14-வதில் மட்டும் மை முழுதாக அழிந்து, அதற்கு இரு பக்கமும் இருந்தவற்றில் கருமை அப்படியே நின்றது. குற்றவாளி அதுதான்: 13-வதில் அழுத்திய தந்தி 14-வதன் உச்சியில் உரசியிருக்கிறது. எல்லாவற்றிலும் மை போகும் வரை இழுத்த பிறகு, தட்டையான உச்சிகளை அரத்தால் மீண்டும் வளைவாக்கி, மெல்லிய தாளால் மெருகேற்றினேன். 22 ஃபிரெட்டுகளுக்கு ஏழு மணி நேரம். கடைக் கிட்டார் வாங்கினாலும் இந்த வேலை தேவைப்படலாம். வேறொருவரிடம் கொடுத்தால் கூலி உண்டு. அந்தக் கூலியைக் கடை விலையோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் குறைவு.

பாகங்கள் 115, கருவிகள் 46, பிழைகள் 15. கூட்டினால் 176.

விற்பனை மதிப்பையும் சொல்லிவிட வேண்டும். பெயர்பெற்ற நிறுவனத்தின் கிட்டாரை விற்றால் போட்டதில் கணிசமான பங்கு திரும்பும். வீட்டில் கட்டியதற்கு அப்படி இல்லை. கழற்றிப் பாகங்களாக விற்றால்தான் ஏதாவது தேறும். நல்ல கிட்டார் ஒன்று குறைந்த செலவில் வேண்டும் என்பதே நோக்கமானால், தயங்காமல் கடைக்குப் போங்கள், அல்லது பயன்படுத்திய கிட்டாரைத் தேடுங்கள். இதை வருத்தத்தோடு சொல்லவில்லை.

பணமில்லாமல் கட்டிய கதைக்குக் குயின் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மேயைத்தான் சொல்வார்கள். 1963-இல் பதின்வயதில், தந்தையோடு சேர்ந்து தொடங்கினார். பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்திலிருந்து கழுத்து, மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகளிலிருந்து டிரெமோலோ (சுருதியை ஏற்றி இறக்கும் நெம்புகோல் அமைப்பு). பிக்கப்புகளையும் முதலில் தாமே சுற்றினார். கடைசியில் பர்ன்ஸ் டிரை-சோனிக் பிக்கப்புகளை விலைகொடுத்து வாங்கிப் பொருத்தினார். ஏறத்தாழ இரண்டு ஆண்டு உழைப்பு அது. அத்தனை திறமையும் பொறுமையும் இருந்த இடத்திலும் சில பாகங்களுக்குக் கடைதான் வழி என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

இரண்டாவது கிட்டாருக்குக் கணக்கு போட்டுவிட்டேன். இந்த முறை கழுத்தை நானே செய்கிறேன்: மேப்பிள் கட்டை, டிரஸ் ராடு (கழுத்து வளையாமல் உள்ளே வைக்கும் உலோகக் கம்பி), ஃபிரெட் கம்பி சேர்ந்து 16, 34-இலிருந்து 18 மிச்சம். லாக்கருக்குப் பதில் எண்ணெய்ப் பூச்சு, அது 3. பாகங்கள் 88-இல் நிற்கும். ஃபிரெட் பள்ளம் அறுக்கும் மெல்லிய ரம்பத்துக்கும் வளைவுக் கட்டைக்கும் 7 சேர்த்தால் 95. பலகை எதுவும் வீணாகாவிட்டால் கடை விலைக்குக் கீழே வருகிறேன், என் கூலியைக் கணக்கில் சேர்க்காமல்.

ஃபிரெட் பலகையில் அளவு குறித்தாகிவிட்டது. 648-ஐ 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட் 36.37-இல், மீதி நீளத்தை மறுபடியும் அதே எண்ணால் வகுத்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு இடைவெளியையும் தனித்தனியாக அளந்தால் சிறு பிழைகள் சேர்ந்து பெரிதாகும் என்பதால், 22 கோடுகளையும் நட்டின் (கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் படியும் சிறு கட்டை) விளிம்பிலிருந்தே அளந்து, கத்திமுனையால் கீறினேன். 12-வது கோடு சரியாக 324-இல் விழுந்திருக்கிறது. மேப்பிள் கட்டை மூன்று வாரமாக அறையின் ஈரப்பதத்துக்குப் பழகிக்கொண்டிருக்கிறது, இன்றுவரை வளையவில்லை. வரும் சனிக்கிழமை டிரஸ் ராடுக்கான பள்ளம். பேரிங் பட்டையைத் தொடுகிறதா என்று இந்த முறை ரவுட்டரை ஓட்டுவதற்கு முன்பே கையால் சுழற்றிப் பார்த்துவிடுவேன்.