முக்கும் மூக்கும்

தளி பக்கம் ஒரு ஈராசிரியர் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு நான் டீச்சர். சேர்ந்த முதல் வாரமே உடல் உறுப்புகளை வைத்து நானே ஒரு பாட்டுக் கட்டி, தொட்டுக் காட்டிச் சொல்லிக் கொடுத்தேன். "மூக்கைத் தொடு" என்ற அடி வந்ததும் பாதிப் பிள்ளைகள் "முக்கைத் தொடு" என்றார்கள். மீதிப் பாதி விழுந்து விழுந்து சிரித்தது. முக்கு என்றால் தெருமுனை அல்லவா? நானும் சிரித்துவிட்டு, "மூ... மூ..." என்று நீட்டித் திருத்தினேன். தெலுங்கில் மூக்குக்குப் பெயரே முக்குதான் என்று எனக்கு அப்போது தெரியாது. நான் தஞ்சாவூர்க்காரி.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் அந்த மூலையில் பல பிள்ளைகளுக்கு வீட்டில் தெலுங்கு, சிலருக்குக் கன்னடம், பள்ளியில் தமிழ். பள்ளியில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய தமிழ் கற்றல் சட்டம் 2006இலேயே வந்துவிட்டது. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சட்டம் என்ன தெரியும்? அது வாயைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். திறக்க வைக்க என்னிடம் இருந்தது பாட்டு மட்டும்.

முதல் இரண்டு வருடம் நான் நன்றாக ஏமாந்தேன். வகுப்பே கூரை அதிரப் பாடும். பார்க்க வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போவார்கள். தமிழ் வந்துவிட்டது என்று நானும் நினைத்துக்கொண்டேன். ஒருநாள், பன்னிரண்டு அடியும் பிசகாமல் பாடுகிற ஒரு பெண்ணிடம் சும்மா "முட்டி எது, காட்டு" என்றேன். கொஞ்சம் யோசித்தாள். பிறகு முதல் அடியிலிருந்து உதட்டுக்குள் பாடிக்கொண்டே வந்து, முட்டி வருகிற அடி வந்ததும் முட்டியைத் தொட்டாள். அவளுக்கு அது சொல்லாக இல்லை, பாட்டின் ஏழாவது படியாக இருந்தது. அன்று மத்தியானம் எனக்குச் சத்துணவு வாசனைகூட மூக்கில் ஏறவில்லை.

அதற்குப் பிறகுதான் பாதியில் நிறுத்த ஆரம்பித்தேன். ஓடுகிற பாட்டைச் சட்டென்று நிறுத்திவிட்டு, அடுத்த சொல்லுக்காகப் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பேன். முதலில் அவர்களும் என் முகத்தையே பார்த்தார்கள். இரண்டு வாரம் போன பின் யாராவது சொல்லைப் போட்டு அடைத்தார்கள். அப்புறம் வேண்டுமென்றே தப்புச் சொல் போட்டுச் சிரித்தார்கள். "காலைத் தொடு" என்று நான் நிறுத்தினால் "கல்லைத் தொடு" என்று ஒருவன் வெளியே ஓடுவான். அந்தத் தப்பு எனக்குத் தங்கம். கல்லும் காலும் வேறு என்று காதில் விழுந்தவன்தானே அப்படி விளையாட முடியும்? செல்போன் பாட்டின் மேல் எனக்குப் பெரிய கோபம் கிடையாது. ஆனால் அது பிள்ளைக்காக எங்கும் நிற்பதில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது.

குறில் நெடில் விஷயத்தில் நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். பல் தேய்ப்பதற்கு ஒரு பாட்டு வைத்திருந்தேன். மெட்டு இனிமையாக இருக்க வேண்டுமே என்று "பல்லை" என்பதை ஆசையாக இழுத்துப் பாடுவேன். சில மாதம் கழித்துச் சொல்வதெழுதுதல் வைத்தபோது, நாலைந்து பேர் "பால்" தேய்த்திருந்தார்கள்! நான் பாடியதைத்தான் எழுதினார்கள், அவர்களைக் குறை சொல்ல வழியில்லை. தமிழில் பல்லும் பாலும், விடுவும் வீடும் பிரிவது அந்த ஒரு மாத்திரையில்தான். அதை மெட்டு தின்றுவிட்டால் எழுத்து எங்கே நிற்கும்? அதிலிருந்து குறிலுக்கு ஒரு நொடிப்பு, நெடிலுக்கு இரண்டு. இலக்கணத்தில் மாத்திரைக்குச் சொல்லும் அளவே கண் இமைப்பதும் கை நொடிப்பதும்தானே. சின்ன விரல்களுக்கு நொடிக்க வரவில்லை என்பதால் தட்டலாக மாற்றினோம்.

இன்னொன்றில் நான் பிள்ளைகளைத் தவறாக நினைத்திருந்தேன். "அக்கா வந்தது", "டீச்சர் போனது" என்பார்கள். மரியாதை தெரியவில்லையே என்று சில நாள் முகம் சுளித்திருக்கிறேன். ஒரு பிள்ளையின் பாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் விளங்கியது. தெலுங்கில் அவள் வந்தாலும் அது வந்தாலும் வினைமுற்று ஒன்றேதான். பிள்ளை வீட்டு இலக்கணத்தோடு வந்திருக்கிறது! விளக்கிச் சொல்லித் திருத்துகிற வயதா அது? வீட்டுக்கு விருந்தாளி வருகிற மாதிரி ஒரு பாட்டுக் கட்டினேன். அண்ணன் வந்தான், அக்கா வந்தாள், ஆடு வந்தது, தாத்தா வந்தார் என்று ஒவ்வொருவராகக் கதவைத் திறந்து உள்ளே வருவார்கள். ஆடாக வருவதற்குத்தான் எப்போதும் அடிதடி. தீபாவளிக்குள் "அக்கா வந்தாள்" பாதிப் பேருக்குப் பழகியிருந்தது.

அந்தப் பாட்டி ஒருநாள் வகுப்புக்கே வந்து, கைக்குழந்தையைக் கைதட்ட வைக்கும் தெலுங்குப் பாட்டு ஒன்றைப் பாடினார். எனக்குப் பிள்ளைத்தமிழின் சப்பாணிப் பருவம் நினைவுக்கு வந்தது. காதைச் "செவி" என்று அவர் சொன்னதும் பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "அதுவும் தமிழ்தான், காதைவிட அழகான தமிழ்" என்றேன். "அப்படியா டீச்சரம்மா!" என்று பாட்டிக்கு ஒரே பெருமை.

யானைப் பாட்டு மட்டும் எனக்குக் காலை வாரியது. கையைத் துதிக்கையாக ஆட்டி ஆடி அசைந்து நான் வர, எல்லோரும் சிரித்தார்கள். ஜூனிலிருந்து ஒரு சொல்கூடப் பேசாத ஒரு பையன் மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டான். பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டம் இறங்குகிற ஊர் அது. ராகி கதிர் முற்றும் நாளில் அவன் அப்பா ராத்திரி முழுக்கப் பரணில் காவல் இருப்பார். படத்து யானையை ஆட்டிக் காட்ட நான் யார்? பாட்டை அங்கேயே விட்டுவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து "ஏனுகு" என்றான். யானை என்று திருத்த நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். "ஏனுகு வந்துச்சா?" என்றேன். "வந்துச்சு. பட்டாசு. டம்." அதுதான் அவன் வகுப்பில் பேசிய முதல் பேச்சு. மற்றவர்களும் அவரவர் யானையோடு சேர்ந்துகொண்டார்கள். சாயங்காலத்துக்குள் எங்களுக்கு ஒரு புதுப் பாட்டு கிடைத்தது:

ராகி தின்ன வந்த யானை,
களி கிண்ட வச்ச பானை,
தட்டு தட்டு டம் டம் டம்!

யானைக்குப் பானையைக் கண்டுபிடித்தது யார் என்று கடைசி வரை பிடிபடவில்லை. இயைபை நான் அவர்களுக்குச் சொல்லித் தந்ததே இல்லை.

2022இல் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளில் பாட்டும் கதையும் பாடத்தின் பகுதியாகவே ஆகிவிட்டன. நல்லது. நான் மட்டும் அந்தப் பாட்டுகளிலும் நிறுத்துமிடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

யானைப் பாட்டு கிடைத்த அந்தப் பள்ளி வருடத்தின் பிப்ரவரியில் ஒருநாள், தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்தார். சாவி என்னிடம். ஓசூரிலிருந்து வரும் பஸ் கால் மணி நேரம் தாமதம். வியர்க்க விறுவிறுக்க நடந்து வந்தால், கேட்டுக்கு வெளியே ஒன்றாம் வகுப்பு முழுக்கத் தாளம் போட்டுப் பாடிக்கொண்டிருக்கிறது:

பஸ்ஸு வந்தது லேட்டு,
பள்ளிக்கூடம் பூட்டு!

முன்னால் நின்று, குறிலுக்கு ஒன்று நெடிலுக்கு இரண்டு என்று பிசகாமல் கை தட்டிக்கொண்டிருந்தவன் அந்தப் பையன்தான். என்னைப் பார்த்ததும் அவன் நிறுத்தவில்லை.