எச்.ஐ.வி. உள்ளவர்கள் வேலையில் நிலைத்திருக்க எங்கள் ஆலையில் செய்தவை

எச்.ஐ.வி. திட்டம் என்றாலே விழிப்புணர்வுக் கூட்டம்தான் முதலில் நடக்கும். நாங்கள் காகிதங்களில் இருந்து தொடங்கினோம். புதிதாகச் சேர்பவர்களுக்கு லேப் செய்யும் பரிசோதனைப் பட்டியலை வாங்கிப் பார்த்தால், யாரும் கேட்காமலே எச்.ஐ.வி.யும் அதில் இருந்தது. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி வேலைக்கு அதை நிபந்தனையாக்கக் கூடாது. நீக்கச் சொல்லி லேபுக்கு எழுத்திலேயே கொடுத்தோம்.

100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், இந்தச் சட்டம் மீறப்பட்டால் புகாரைக் கேட்க ஒரு புகார் அலுவலர் கட்டாயம். மருத்துவமனை என்றால் 20 பேர் போதும். ஹெச்.ஆர். மேலாளரையே போட்டுவிடாதீர்கள். வேலையை விட்டு நிறுத்தக்கூடியவரிடம் யார் போய்ப் புகார் சொல்வார்கள்?

ரகசியம் பெரும்பாலும் லீவு சீட்டில்தான் உடைகிறது. ஏ.ஆர்.டி. மைய (எச்.ஐ.வி. மருந்து தரும் மையம்) முத்திரையுள்ள சீட்டு சூப்பர்வைசர், டைம் ஆபீஸ், சம்பளப் பிரிவு என்று கை மாறினால் லைன் முழுக்கத் தெரிந்துவிடும். எங்களிடம் சீட்டு ஆலை மருத்துவரோடு நின்றுவிடும். சூப்பர்வைசருக்குப் போவது 'மருத்துவ லீவு, அனுமதி உண்டு' என்ற ஒரு வரிதான். சர்க்கரை, பிரஷர், காசம் எதற்கும் இதே முறை. எச்.ஐ.வி.க்கு மட்டும் தனி லீவு வைத்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது பெரும்பாலோர் சாப்பிடுவது டி.எல்.டி.: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. அரசு மையத்தில் இலவசம். மாத்திரை டப்பாவை மற்றவர்கள் பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் பலருக்கு வேளை தவறுகிறது. பூட்டுள்ள லாக்கர் எல்லோருக்கும் கொடுத்ததே இதற்கு நல்ல வழியாக அமைந்தது.

முதலுதவி அறையில் ஒரு சிக்கல் உண்டு. நெஞ்செரிச்சல் என்று வந்தால் ஜெலுசில் மாதிரி மருந்து உடனே கிடைக்கும். அதில் உள்ள அலுமினியமும் மெக்னீசியமும் டோலுடெகிராவிரை உடம்பில் சேரவிடாது. டி.எல்.டி. சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து அதைச் சாப்பிடலாம். அதை முதலில் சாப்பிட்டுவிட்டால் டி.எல்.டி.க்கு 6 மணி நேரம் பொறுக்க வேண்டும். பெண்களுக்குத் தரும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் வெறும் வயிற்றில் இதே இடைவெளிதான். சாப்பாட்டோடு என்றால் சேர்த்தே சாப்பிடலாம். யாருக்கு என்ன நோய் என்று நர்ஸ் கேட்கக் கூடாது. 'தினமும் வேறு மாத்திரை சாப்பிட்டால் இடைவெளி விடுங்கள்' என்று மருந்து வாங்கும் எல்லோரிடமும் சொல்ல வேண்டும்.

யாராவது தெரிந்துகொண்டு 'அவரை வேறு செக்‌ஷனுக்கு மாற்றுங்கள்' என்று வந்தால் மாற்றவே கூடாது. ஒரே தட்டு, ஒரே கழிவறை, ஒரே மெஷின் எதிலும் இது தொற்றாது. ஒதுக்கி வைப்பது சட்டப்படி பாகுபாடு.

1097 என்ற எச்.ஐ.வி. இலவச உதவி எண்ணையும் புகார் அலுவலரின் எண்ணையும் கழிவறைக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறோம். கேட் அருகே உள்ள பலகை முன்னால் நின்று அதை யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள்.