எடை பார்த்துத் தரப்படும் வேலை

என் கல்லூரித் தோழி ஒருத்தி பதினோரு ஆண்டுகள் விமானப் பணிப்பெண்ணாக இருந்தவள். இரண்டாவது குழந்தை பிறந்து, விடுப்பு முடிந்து, மீண்டும் பணியில் சேர்வதற்கான மருத்துவப் பரிசோதனைக்குப் போன நாளைப் பற்றி அவள் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. முதல் நாள் இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்திருக்கிறாள். எடை மெஷினில் ஏறுவதற்கு முன் வளையல், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிக் கைப்பையில் போட்டிருக்கிறாள். 158 செ.மீ. உயரத்துக்கு 58.4 கிலோ காட்டியது. மூன்றரைக் கிலோ கூடுதல் என்று குறித்து, தற்காலிகமாகப் பறக்கத் தகுதியில்லை என்று சீட்டில் முத்திரை குத்திவிட்டார்கள். அவள் வருமானத்தில் பெரும்பகுதி பறக்கும் மணிநேரத்துக்குக் கிடைக்கும் படியாகவே வந்துகொண்டிருந்தது. தரையில் நிறுத்தப்பட்ட அன்றே அது நின்றுபோனது.

அந்த மூன்றரைக் கிலோ எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தேடிப் படித்தேன். சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2014இல் வெளியிட்ட விதிமுறைகளில், கேபின் ஊழியர்களுக்கான பிஎம்ஐ வரம்பு ஆண்களுக்கு 18 முதல் 25 வரை என்றும், பெண்களுக்கு 18 முதல் 22 வரை என்றும் வகுக்கப்பட்டிருந்தது. எடையை மீட்டர் கணக்கிலான உயரத்தின் இருமடியால் வகுத்தால் வருவதே பிஎம்ஐ. 160 செ.மீ. உயரமுள்ள ஓர் ஆணும் பெண்ணும் ஒரே விமானத்தில் ஒரே வேலையைச் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் 64 கிலோ வரை இருக்கலாம், அவளோ 56.3 கிலோவைத் தாண்டினாலே எடை அதிகமானவள். இருவரும் திறக்க வேண்டிய அவசரக் கதவு ஒன்றுதான், தூக்க வேண்டிய பெட்டியும் ஒன்றுதான்.

விதியை ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணம் பயணிகளின் பாதுகாப்பு. அதை நான் எளிதாக ஒதுக்கிவிட மாட்டேன். பெரிய பயணிகள் விமானம் ஒன்றுக்குச் சான்றளிக்கும்போது, பாதி வாசல்களை மட்டும் பயன்படுத்தி 90 விநாடிகளில் அனைவரையும் வெளியேற்ற முடியும் என்று நிரூபித்தாக வேண்டும். அந்த 90 விநாடிகளைக் கையாளப் போகிறவர்களுக்கு உடல்திறன் கட்டாயம் தேவை. ஆனால் அந்தத் திறனை நேரடியாகவே சோதிக்கலாமே. கதவைத் திறக்கச் சொல்லலாம், சறுக்குப் பாதையில் இறங்கச் சொல்லலாம், தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு நடைவழியில் ஓடச் சொல்லலாம். என் தோழி இந்தப் பயிற்சிகள் அனைத்திலும் ஆண்டுதோறும் தேறியவள். பிஎம்ஐக்கு அடிப்படையான கணக்கை 1830களில் வகுத்த பெல்ஜியத்தின் அடால்ஃப் கெட்லே ஒரு புள்ளியியலாளர். மக்கள்திரளின் சராசரியை அறிய விரும்பினாரே தவிர, ஒரு தனிமனிதரின் தகுதியை நிறுக்க அதை வகுக்கவில்லை.

இதற்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. 35 வயதானால் ஓய்வு, பணியில் சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்துகொண்டால் நீக்கம், முதல் கர்ப்பத்திலேயே நீக்கம் என்ற ஏர் இந்தியாவின் விதிகளை எதிர்த்து நர்கேஷ் மீர்சா தொடுத்த வழக்கில், 1981இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி ஏ. வரதராஜனும் அந்த அமர்வில் இருந்தார். கர்ப்ப விதி செல்லாது என்றானது. திருமண விதி தப்பித்துக்கொண்டது. இளமையும் அழகும் உள்ள பணிப்பெண்களால்தான் சங்கடமான பயணிகளைச் சமாளிக்க முடியும் என்று நிறுவனத்தின் தரப்பில் வைக்கப்பட்ட வாதத்தை, அது வெறும் ஊகம் என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. தோற்றத்துக்காகத்தான் என்று வெளிப்படையாகச் சொல்ல அதன் பிறகு யாருக்கும் வாய் வரவில்லை. எடை என்ற எண்ணுக்கு மட்டும் அந்தக் கூச்சம் தேவைப்படவில்லை. 2009 தொடக்கத்தில் எடையைக் காரணம் காட்டிச் சில பணிப்பெண்கள் வேலையிலிருந்தே நீக்கப்பட்டார்கள். 2015இல் நூற்றுக்கும் மேற்பட்ட கேபின் ஊழியர்களைப் பறக்கும் பணியிலிருந்து விலக்கப்போவதாகச் செய்தி வந்தது.

அமெரிக்காவிலும் யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனம் ஆண்களுக்குப் பெரிய உடற்கட்டின் அட்டவணையையும் பெண்களுக்கு நடுத்தர உடற்கட்டின் அட்டவணையையும் வைத்திருந்தது. ஒரே உயரமும் வயதும் உள்ள ஆணைவிடப் பெண் 14 முதல் 25 பவுண்டு வரை குறைவாக இருக்க வேண்டியிருந்தது. அது பாலினப் பாகுபாடு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது.

விமானத்தில் அட்டவணையாவது கண்ணுக்குத் தெரிகிறது. சாதாரண அலுவலகத்தில் அதுவும் இல்லை. பொருளாதார அறிஞர் ஜான் காலி 2004இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் வெள்ளையினப் பெண்களிடையே ஏறத்தாழ 65 பவுண்டு, அதாவது 29 கிலோ அளவுக்கு எடை கூடுதலாக இருந்தால் ஊதியம் 9 சதவீதம் குறைவாக இருப்பதைக் காட்டினார். மூன்று ஆண்டுப் பணி அனுபவத்தை இழப்பதற்கு ஈடான குறைவு அது. மிச்சிகன் மாநிலம் 1976ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எடையின் பெயரால் வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்தது. நியூயார்க் நகரம் 2023இல் அதைச் செய்தது. நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் ஆகியவற்றைச் சொல்கிறது. உடல் எடை அந்த வரிசையில் இல்லை.

நம் ஊரில் இதற்கு வழங்கும் சொல் 'பர்சனாலிட்டி'. "வேலை தெரியும் சார், ஆனால் பர்சனாலிட்டி இல்லை" என்ற வாக்கியத்தை நேர்காணல் அறைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மனிதவளப் பிரிவில் இருக்கும் நான் நிரப்பும் படிவத்தில் 'தோற்றம்' என்ற கட்டத்துக்குப் பத்து மதிப்பெண் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், கணக்குப் பிரிவுக்கு வந்த பருமனான ஒரு பெண்ணுக்கு அந்தக் கட்டத்தில் நான்கு என்று எழுதினேன். ஜிஎஸ்டி கேள்விகள் எல்லாவற்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னவர் அவர். வாடிக்கையாளர் எவரையும் சந்திக்கத் தேவையில்லாத வேலை அது. மொத்தத்தில் மூன்று மதிப்பெண் குறைந்து அவருக்கு வேலை கிடைக்காமல் போனது. அந்த மூன்றும் என் பேனாவில் குறைந்தவை.

படிவத்தைத் திருத்தியமைக்கும் கூட்டம் இந்த மாதம் நடக்கிறது. அந்தக் கட்டத்தையே எடுத்துவிட வேண்டும் என்று இந்தக் கணக்கோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.