சார்ட் கோணலாக வருகிறதா? டேபிளைப் பாருங்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் வெப் டெவலப்மென்ட் படித்துவிட்டு இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் கையில் ஒரு டாஷ்போர்டு (தரவைச் சார்ட்டுகளாகக் காட்டும் பக்கம்) ப்ராஜெக்ட் இருந்தால் நல்லது. ஆனால் "இந்தப் புள்ளி எந்த வரியிலிருந்து வந்தது?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சார்ட் வரையும் நூலகத்தை (லைப்ரரி) படிக்க இரண்டு நாள் போதும், மிச்ச நேரமெல்லாம் டேட்டாபேஸுக்கு.

பயிற்சிக்குத் தோவாளை பூச்சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு டேபிள் போதும். ஒன்றில் பூவின் எண், பெயர். இன்னொன்றில் பூ எண், விற்ற நேரம், கிலோ, கிலோ விலை. பெயரை ஒவ்வொரு விற்பனை வரியிலும் டைப் செய்தால் பிச்சி, பிச்சிப்பூ, பிச்சி பூ என்று ஒரே பூவுக்கு மூன்று கோடு விழும். எஸ்க்யூலைட் (SQLite) டேட்டாபேஸில் செய்கிறவர்கள் கவனிக்க: அதில் ஃபாரின் கீ சோதனை (விற்பனையில் உள்ள பூ எண் பூ டேபிளில் இருக்கிறதா என்று பார்ப்பது) வழக்கமாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு கனெக்ஷனிலும் ப்ராக்மா (PRAGMA) கட்டளை கொடுத்து ஆன் செய்ய வேண்டும். மைஎஸ்க்யூஎல் (MySQL) என்றால் எழுத்துகளைச் சேமிக்கும் முறைக்கு யூடிஎஃப்8எம்பி4 (utf8mb4). விலைக்கு, தோராயமாகச் சேமிக்கும் ஃப்ளோட் வேண்டாம், துல்லியமான டெசிமல்.

அதிகம் பேர் வழுக்குவது நேரத்தில்தான். சந்தை விடிவதற்கு முன்பே சூடுபிடித்துவிடும். ஜனவரி 13 அதிகாலை 4 மணிக்கு விற்ற பிச்சியை யூடிசி (UTC) எனும் உலகப் பொது நேரத்தில், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால், சேமித்தால் அது ஜனவரி 12 இரவு 10.30. அப்படியே தேதிவாரியாகத் தொகுக்க குரூப் பை (GROUP BY) போட்டால், காலை 5.30-க்கு முன் நடந்த வியாபாரம் மொத்தமும் முந்தைய நாள் கணக்கில் ஏறிவிடும். பொங்கலை ஒட்டி ஏறிய விலை சார்ட்டில் ஒரு நாள் முன்னால் நிற்கும்; பார்த்தால் தவறு என்றே தோன்றாது. மைஎஸ்க்யூஎல்லில் கன்வர்ட் டிஇசட் (CONVERT_TZ) போட்டு +00:00-லிருந்து +05:30-க்கு மாற்றிய பிறகு குரூப் செய்யுங்கள். ஆசியா/கொல்கத்தா என்று பெயர் கொடுத்தால், சர்வரில் டைம்சோன் டேபிள்கள் ஏற்றப்படாதபோது விடை நல் (NULL, மதிப்பே இல்லை) என்று வரும், எரர்கூட வராது.

அடுத்தது சராசரி. 10 கிலோ 1000 ரூபாய்க்கும், 90 கிலோ 400 ரூபாய்க்கும் போனது என்று வையுங்கள். சாதாரண சராசரி எடுக்கும் ஏவிஜி (AVG) போட்டால் 700. உண்மையில் மொத்தப் பணம் 46,000, எடை 100 கிலோ, ஆக 460. விலையை எடையால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுக்க வேண்டும்.

ஒரு நாள் விற்பனையை எடுக்க, க்வெரியில் நிபந்தனை எழுதும் WHERE பகுதியில் நேரம் இருக்கும் நெடுவரிசையைச் (column) சுற்றி டேட் ஃபங்ஷன் (DATE) போடாதீர்கள். தேடலை வேகமாக்க அந்த நெடுவரிசைக்குப் போட்டிருக்கும் சாதாரண இன்டெக்ஸ் பயன்படாமல் போகும். தொடக்க நேரத்துக்குச் சமம் அல்லது மேல், முடிவு நேரத்துக்குக் கீழ் என்று எழுதுங்கள். 13-ஆம் தேதிக்கு யூடிசியில் அது 12 மாலை 6.30 முதல் 13 மாலை 6.30 வரை. மாற்றுவதற்கு முன்னும் பின்னும், க்வெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் (EXPLAIN) ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இனி சார்ட். கோடு, பட்டை வரைய சார்ட்.ஜேஎஸ் (Chart.js) நூலகம் தாராளம். புள்ளிகள் பல ஆயிரம் போனால் அப்பாச்சி ஈசார்ட்ஸ். டி3 (D3) நூலகம் அருமையானதுதான், ஆனால் இன்டர்வியூவுக்கு முந்தைய வாரம் தொடுகிற சாமான் இல்லை.

நோட்ஜேஎஸ்ஸில் (Node.js) டேட்டாபேஸோடு பேசும் மைஎஸ்க்யூஎல்2 (mysql2) டிரைவர், டெசிமல் மதிப்பை எண்ணாக அல்ல, சரமாகத்தான் (ஸ்ட்ரிங், வெறும் எழுத்து) தரும். 400-உம் 600-உம் கூட்டினால் 400600! நம்பராக மாற்றிவிட்டுக் கூட்டுங்கள். சந்தை நடக்காத நாளுக்கு 0 அனுப்பினால் விலை பாதாளத்தில் விழுந்தது போல் கோடு இறங்கும். NULL அனுப்பினால் கோடு அறுந்து காட்டும். இணைத்துக் காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சார்ட்.ஜேஎஸ்ஸில் ஸ்பேன்கேப்ஸ் (spanGaps) அமைப்பு இருக்கிறது. வடிகட்டியை மாற்றும்போது "கேன்வாஸ் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்கிற எரர் வந்தால், பழைய சார்ட்டை டெஸ்ட்ராய் செய்யாமல் புதிது உருவாக்கியிருக்கிறீர்கள்.

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர்மட்டத்தை ஒரே சார்ட்டில் போடும் ஆசை பலருக்கு வரும். பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி, பெருஞ்சாணியுடையது 77 அடி. அடியை அப்படியே போட்டால் பேச்சிப்பாறை நிரம்பி நிற்கும்போதும் நிரம்பாமல் கிடப்பது போலத் தெரியும். முழு மட்டத்தில் எத்தனை சதவீதம் என்று க்வெரியிலேயே கணக்கிட்டு அனுப்புங்கள். அடிக்கணக்கு, புள்ளியின் மேல் மவுஸ் வைத்தால் வரும் டூல்டிப்பில் இருக்கட்டும்.