ஒற்றைச் சில்லு வண்டிலுக்கு ஆஷ் மரத்தில் புதுக் கைபிடி

எங்கள் வீட்டு வண்டில் பழைய பாணி. இரும்புத் தொட்டி, முன்னால் ஒரு சில்லு, சில்லின் அச்சிலிருந்து தொட்டிக்கு அடியால் ஓடிவந்து நம் கையில் முடிகிற இரண்டு மரச் சட்டங்கள். கைபிடி என்றால் கையில் பிடிக்கிற அரை அடிதான் நினைவுக்கு வரும். ஆனால் தொட்டி, கால், சில்லு எல்லாமே இந்தச் சட்டங்களில்தான் போல்ட் போட்டுப் பூட்டியிருக்கின்றன. இந்த வசந்தத்தில் கத்தரிப் பாத்திக்குப் பசளை மண் ஏற்றிக்கொண்டு போகையில் வலப்பக்கச் சட்டம் வெடித்தது. இடப்பக்கம் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் இரண்டும் ஒரே வயது, ஒரே மழையில் நனைந்தவை. இரண்டையும் மாற்றுவதென்று முடிவெடுத்தேன்.

ரொறன்ரோவில் ஆயத்தச் சட்டம் கடையிலேயே கிடைக்கும். நானும் போய்ப் பார்த்தேன். அங்கே இருந்தவை பெயின்ட் பூசியவை. பெயின்டுக்குக் கீழே இழை, அதாவது மரத்தின் நெடுக ஓடும் நார்க்கோடு, எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் ஒரு சட்டத்தை வாங்க எனக்கு மனம் வரவில்லை. இந்த வேலையில் மற்றதெல்லாம் அப்புறம், இழைதான் முதலில்.

பழையதைக் கழற்றியதே பெரிய பாடு. போல்ட்டுகள் எல்லாம் கறள் கட்டியிருந்தன. இந்த வகைப் போல்ட்டுக்குத் தலை உருண்டையாக இருக்கும், தலைக்குக் கீழே கழுத்து சதுரம். அந்தச் சதுரம் தன் இடத்தில் இறுகப் பிடித்திருந்தால்தான் நட்டைத் திருக முடியும். எங்கள் தொட்டியில் அந்தத் துளைகள் தேய்ந்துபோய், நட்டைத் திருகத் திருகப் போல்ட்டும் சேர்ந்து சுற்றியது. எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்தும் சில அசையவில்லை. அவற்றை இரும்பு அறுக்கும் வாளால் அறுத்தே எடுத்தேன். பழைய போல்ட்டை மிச்சம் பிடிக்கப் பார்ப்பதில் பயனில்லை, புதுச் சட்டத்துக்குப் புதுப் போல்ட்டும் வாசரும் போடுவதுதான் சரி.

வெடித்த இடத்தைக் கையில் எடுத்துப் பார்த்தபோது காரணம் தெளிவாகத் தெரிந்தது. நாம் வண்டிலைத் தூக்கித் தள்ளும்போது ஒரு முனையைச் சில்லு தாங்குகிறது, மறுமுனையைக் கை தாங்குகிறது, பாரம் நடுவில். சட்டம் மிக அதிகமாக வளையப் பார்ப்பது தொட்டியின் பின்பக்கத்தில், கால் பூட்டிய இடத்தை அண்டித்தான். அதே இடத்தில்தான் போல்ட் துளையும். 1½ அங்குல அகலச் சட்டத்தில் ⅜ அங்குலத் துளை என்றால் அங்கே கால்வாசி மரம் இல்லை. போதாததற்கு மழைநீர் போல்ட் வழியாக இறங்கி உள்ளே நிற்கிறது. துளையைச் சுற்றி மரம் கறுத்து, நகத்தால் கீறினாலே உதிர்ந்தது. ஓர் அங்குலம் தள்ளி அதே மரம் வெள்ளையாக, கல்லுமாதிரிக் கிடந்தது.

அடுத்தது மரம். வீடு கட்டுகிற இரண்டுக்கு நாலு ஸ்ப்ரூஸ் சட்டம் எல்லா இடமும் மலிவாகக் கிடைக்கும், பலர் அதைத்தான் சீவிப் போடுகிறார்கள். (பெயர்தான் இரண்டுக்கு நாலு, அளந்தால் 1½க்கு 3½ அங்குலம்.) அது மென்மையான மரம். போல்ட்டை இறுக்கினால் வாசர் உள்ளே புதையும், பிறகு நாளாக நாளாக ஆட்டம் கொடுக்கும். நான் ஆஷ் மரத்துக்குப் போனேன். பேஸ்போல் மட்டை, கோடாலிப் பிடி, மண்வாரிப் பிடி என்று அதிர்ச்சியைத் தாங்க வேண்டிய பொருட்களுக்கு இந்த நாட்டில் காலங்காலமாகப் பாவித்து வந்த மரம் அது.

ஒன்டாரியோவில் ஆஷ் மரத்தைப் பற்றிப் பேசினால் அந்தப் பச்சை வண்டைப் பற்றிப் பேசாமல் முடியாது. கிழக்காசியாவிலிருந்து வந்த மரகத நிறத் துளைப்பான் வண்டு அது. 2002இல் டிட்ரொயிட், வின்ட்சர் பக்கம் கண்டுபிடித்தார்கள், 2007இல் ரொறன்ரோவிலும் இருப்பது தெரியவந்தது. புழு பட்டைக்கு அடியில் நெளிந்து நெளிந்து தின்றுகொண்டு போக, மரத்துக்கு நீரும் உணவும் ஓடும் வழி அறுபட்டு மேலிருந்து காய்ந்து வரும். எங்கள் தெருவிலும் வரிசையாக நின்ற ஆஷ் மரங்களை மாநகரசபை வெட்டி எடுத்தது. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. புழு பட்டையை அண்டியே தின்பதால் உள்மரம் கெடுவதில்லை, அறுத்துப் பாவிக்கலாம். ஆனால் பட்டபின் நெடுநாள் நின்றபடியே காய்ந்த மரம் சட்டென்று முறியும். அதனால் உயிரோடு வெட்டி, அறுத்து, முறையாக உலர்த்திய பலகைதானா என்று மரக்காலையில் கேட்டுத்தான் வாங்கினேன்.

மரக்காலைக்கு மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஊரில் பூவரசில் மண்வெட்டிப் பிடி சீவிப் போட்டவர். நான் அழகான ஒரு பலகையை உருவி எடுக்க, அவர் அதன் பக்கவாட்டில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது வேண்டாம். கோடு வெளியால ஓடுது, பாருங்கோ" என்றார். உண்மைதான். மேல்முகத்தில் நேராகத் தெரிந்த இழை, பக்கவாட்டில் இரண்டடிக்குள் கீழ் விளிம்பைத் தாண்டி வெளியே போய்விட்டிருந்தது. அப்படிப்பட்ட சட்டம் பாரம் ஏறினால் அந்தச் சரிவிலேயே பிளந்துகொண்டு போகும். இழை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மரத்துக்குள்ளேயே ஓட வேண்டும், நான்கு முகத்திலும் பார்க்க வேண்டும்.

வெட்டுமுகத்தையும் பார்க்க வேண்டும். வளையங்கள் நெருக்கமாக இருந்தால் நல்ல மரம் என்று பைனுக்குச் சொல்வது ஆஷுக்குப் பொருந்தாது. ஆஷில் ஒவ்வொரு ஆண்டு வளையமும் தொடங்கும் இடத்தில் ஊசிமுனை அளவில் துளைகள் வரிசையாக இருக்கும். அது வசந்தத்தில் வளர்ந்தது. அதற்கு வெளியே உள்ள அடர்ந்த பகுதி கோடையில் வளர்ந்தது. மரம் மெதுவாக வளர்ந்து வளையம் ஒடுங்கினால் குறைவது அந்த அடர்ந்த பகுதிதான், துளை வரிசை அவ்வளவாகக் குறையாது. ஆகவே ஓரளவு அகன்ற வளையமுள்ள பலகையையே எடுத்தோம். 2 அங்குலத் தடிப்பு, ஆறடி நீளம்.

பலகையின் விளிம்பை ஒட்டி நான் கோடு போடவில்லை. மரத்தின் அந்த ஊசித்துளைகள் நெடுக ஓடும் கோட்டை ஒட்டியே பென்சிலால் இழுத்து, அதன்படி அறுத்தேன். கொஞ்சம் மரம் வீணாகும், ஆனால் இழை சட்டத்தின் முழு நீளத்துக்கும் கிடைக்கும். பழைய சட்டத்தின் அளவுதான் புதியதற்கும்: 5 அடி நீளம், 1½ அங்குல அகலம், 1¾ அங்குல உயரம். உயரமான பக்கம் நிமிர்ந்து நிற்க வேண்டும். அதே மரத்தைப் படுக்கப் போட்டதைவிட இப்படி நிறுத்தினால் ஆறில் ஒரு பங்கு கூடுதலான பலம்.

பிடி சீவினதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கையில் பிடிக்கும் முனையை முதலில் 1¼ அங்குலச் சதுரமாக்கினேன். ஒவ்வொரு மூலையிலிருந்தும் இரு பக்கமும் ⅜ அங்குலம் குறித்து மூலையைச் சீவினால் எண்கோணம் வரும். அதன் மூலைகளை மீண்டும் சீவினால் பதினாறு முகம், பிறகு தானாகவே உருண்டைக்கு வந்துவிடும். நேரே உருட்டப் போனால் ஒரு பக்கம் சப்பையாகும். இரண்டு பக்கமும் பிடியுள்ள சின்னச் சீவுளியால் தடித்த பக்கத்திலிருந்து மெலிந்த பக்கத்துக்கே இழுத்தேன், மறுபக்கமாக இழுத்தால் இழை கிளம்பிப் பிய்ந்துவிடும். கூர் சரியாக இருந்தால் சுருள் ஒரே நீளமாக வருகிறது, மரம் சீவின இடத்தில் மினுங்குகிறது. அந்த முகத்துக்கு அப்புறம் சாண்ட்பேப்பர் கொஞ்சம்தான் தேவைப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பார்த்து, முட்டுகிற இடத்தை மட்டும் எடுத்தேன். கடைசி ஓர் அங்குலத்தைச் சற்றுத் தடிப்பாக விட்டேன், வியர்த்த கை வழுக்காது.

துளையிட இரண்டு சட்டத்தையும் தொட்டிக்கு அடியில் வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கி, தொட்டியின் துளை வழியாகவே இடம் குறித்தேன். சட்டங்கள் சில்லுப் பக்கம் ஒடுங்கி, கைப்பக்கம் விரிந்து போவதால் இடதும் வலதும் ஒன்றுக்கொன்று கண்ணாடி எதிர்உரு. துளை போல்ட்டின் அளவுக்கே, ஒரு மயிரிழையும் கூடுதலாக இல்லை. தொட்டிக்கும் சட்டத்துக்கும் இடையில் இருந்த மர ஆப்புகளும் உக்கியிருந்தன, மிஞ்சிய துண்டில் புதிதாக வெட்டிப் போட்டேன்.

ஆஷ் மரத்துக்கு உக்கலை எதிர்க்கும் சக்தி குறைவு. அதனால் பூட்டுமுன் துளைகளுக்குள்ளும் வெட்டுமுனைகளிலும் ஆளிவிதை எண்ணெயைக் குடிக்கக் குடிக்க விட்டேன். பிடியிலும் அதே எண்ணெய்தான். வார்னிஷ் பூசினால் கையில் கொப்புளம் போடும். எண்ணெய் துடைத்த துணியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சுருட்டி மூலையில் போடாதீர்கள். உலரும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவையுங்கள்.

பூட்டியபின் தொட்டி நிறைய ஈர மண் ஏற்றித் தள்ளிப் பார்த்தேன். சட்டம் இலேசாக வளைந்து கொடுத்தது, பழையது போலக் கிறீச்சிடவில்லை. முதல் பாரத்துக்குப் பிறகு நட்டுகள் அரைச்சுற்று இளகியிருந்தன, மறுபடி இறுக்கியாயிற்று. குளிர் வருமுன் இன்னொரு தடவை எண்ணெய் விட வேண்டும். மிஞ்சிய பலகையை மாமா தன் மண்வெட்டிப் பிடிக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்.